இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம் லொக்



இந்த இதழின் ஆசிரியர் பக்கத்தை ஒரு மவுஸ் செற்றிங்குக்குக் கொடுக்கிறேன். நெல் விலை, வவுனிக்குளத்து நீர், மாங்குளம் - வெள்ளாங்குளம் வீதியில் ஓடுகிற பஸ் என்று எழுத எத்தனையோ இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இரண்டு. தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள், அது பாடசாலை அலுவலகமாக இருந்தாலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமாக இருந்தாலும் சந்தியில் இருக்கிற கொமினிகேசன் கடையாக இருந்தாலும், என்றைக்கோ ஒருநாள் இதில் மாட்டுப்படுகிறார்கள். மவுஸ் பழுது என்று நினைத்துப் புது மவுஸ் வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள். மற்றக் காரணம் வன்னி மண்ணோடு சம்பந்தப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கங்களைத் தட்டச்சு செய்கிற தங்கச்சி ஒருநாள் காலையில், மூத்த வாசகர் ஒருவர் கையெழுத்தில் அனுப்பியிருந்த இடப்பெயர்வு நினைவுகளை அடித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் 2009 என்று வந்தது. விசைப்பலகையின் வலது ஓரத்தில் இருக்கிற எண் விசைகளில் அழுத்தினார். திரையில் ஒரு எண்ணும் விழவில்லை. 2ஐ அழுத்தியபோது, மவுஸில் யாரும் கை வைக்காமலே அம்புக்குறி சற்றுக் கீழே இறங்கியது. 0 ஒன்றும் செய்யாததுபோல் இருந்தது. 9 விழவில்லையே என்று அழுத்திப் பிடித்தார். அம்புக்குறி வலது மேல்மூலையை நோக்கிச் சரிந்துகொண்டே போனது. போன வழியில் இருந்த வரிகளெல்லாம் நீலமாகின. அவர் கண் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. அடுத்த எழுத்தை அடித்தார். நீலமாக இருந்த வரிகள் அத்தனையும் மறைந்துவிட்டன.

"அண்ணை, மவுஸ் தானா ஓடுது!" என்று கூப்பிட்டார். கொன்ரோல் விசையையும் இஸட்டையும் சேர்த்து அழுத்தி வரிகளை மீட்டுக்கொண்டோம். மவுஸைக் கழற்றி வேறொன்றைச் செருகிப் பார்த்தோம். அதிலும் அதே கதை. மவுஸே இல்லாமல் பார்த்தோம். அப்போதும் அம்புக்குறி நகர்ந்தது. அந்த இடத்தில்தான் விளங்கியது, குற்றம் மவுஸில் இல்லை என்று.

வின்டோஸில் 'மவுஸ் கீஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. மவுஸ் செய்கிற வேலை முழுவதையும் எண் விசைகளிடம் கொடுத்துவிடுகிற வசதி. அது இயங்கும்போது 8 அம்புக்குறியை மேலே கொண்டுபோகும், 2 கீழே, 4 இடப்பக்கம், 6 வலப்பக்கம். 7, 9, 1, 3 நான்கும் மூலைகளை நோக்கி. 5 ஒரு கிளிக். கூட்டல் விசை இரட்டைக் கிளிக். கழித்தல் விசையை அழுத்திவிட்டு 5ஐ அழுத்தினால் வலது கிளிக். வகுத்தல் விசை மறுபடி இடது கிளிக்குக்குக் கொண்டுவரும். 0 இருக்கிறதே, அது மவுஸ் பட்டனை அழுத்திப் பிடித்திருப்பதற்குச் சமம். புள்ளி விசையை அழுத்தினால்தான் அந்தப் பிடி விடும். இப்போது 2009ஐ மறுபடி அடித்துப் பாருங்கள். 2 கீழே இறக்கியது. 0 பிடித்தது. 9 பிடித்த பிடியோடு இழுத்துக்கொண்டு போனது. தங்கச்சி ஆண்டை எழுதினார். கணினி அதை ஒரு கட்டளைத் தொடராக எடுத்துக்கொண்டது.

நிறுத்துவது சுலபம். செற்றிங்ஸில் அக்ஸசிபிலிற்றி என்ற பகுதிக்குப் போய், அதில் மவுஸ் என்பதைத் திறந்து, மவுஸ் கீஸை நிறுத்திவிடலாம். வின்டோஸ் 10இல் அந்தப் பகுதிக்கு ஈஸ் ஒஃப் அக்ஸஸ் என்று பெயர். நிறுத்தினோம். எண்கள் ஒழுங்காக விழுந்தன. அடுத்த நாள் காலையில் அது திரும்பி வந்துவிட்டது. மறுபடி நிறுத்தினோம். சில நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலையில் மறுபடி. யார் அதை இயக்குகிறார்கள் என்று அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் கேட்டோம். யாரும் அந்தச் செற்றிங் பக்கமே போகவில்லை.

விடை தங்கச்சியின் இடது கையில் இருந்தது. அவர் கணினியைத் திறந்து வேலையைத் தொடங்குகிறதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் மொழியைத் தமிழுக்கு மாற்றினார்: இடது ஆல்ட், இடது ஷிப்ட். கை எடுக்கிறதற்கு முன்னரே வலது கை நம் லொக் விசைக்குப் போனது, ஏனென்றால் கணினியை அணைத்துத் திறக்கும்போது எங்கள் இயந்திரத்தில் நம் லொக் அணைந்து கிடக்கும். மூன்று விசைகளும் ஒரு கணம் ஒன்றாக அழுந்தின. ஒரு சத்தம் கேட்டது. மவுஸ் கீஸை இயக்கவா என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. தங்கச்சி ஏற்கெனவே கையெழுத்துப் பிரதிக்குத் திரும்பிவிட்டார், விரல் என்ரர் விசையில் விழுந்தது. பெட்டி அதை 'ஆம்' என்று எடுத்துக்கொண்டு மறைந்தது.

இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம் லொக் மூன்றையும் சேர்த்து அழுத்துவதுதான் மவுஸ் கீஸை இயக்குகிற குறுக்குவழி. ஒரே மொழியில் எழுதுகிறவனுக்கு அந்த மூன்றும் ஒன்றாக அழுந்த வாய்ப்பே இல்லை. எங்களுக்கோ அதில் இரண்டு விசை நாள் முழுவதும் வேலையில் இருக்கிறது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் போய் வருகிற பாலமே இடது ஆல்ட்டும் ஷிப்ட்டும்தான். மூன்றாவது விசைதான் மிச்சம்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. பாமினி எழுத்துருவில் அடித்த காலத்தில் இந்தத் தொல்லை எங்களுக்கு வரவே இல்லை. பாமினியில் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடிப்பது ஆங்கில எழுத்து. மேலே போட்ட சட்டைதான் தமிழ். மொழி மாற்றுகிற தேவையே இல்லை. யூனிகோட்டுக்கு மாறிய பிறகு, கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே தமிழ் தெரிகிற நன்மை வந்தது, கூடவே இடது ஆல்ட்டும் ஷிப்ட்டும் அன்றாட விரல் பழக்கமாகிவிட்டன. அலுவலகங்களில் பாமினியை விட்டு யூனிகோட்டுக்கு இப்போதுதான் மாறுகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மொழி மாற்ற வின்டோஸ் விசையையும் ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்துகிற வழியும் இருக்கிறது. விரலை அதற்குப் பழக்கினால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

மீதிப் பாதிக்கு, செற்றிங்கை நிறுத்துவதை விட்டுக் குறுக்குவழியை நிறுத்த வேண்டும். சத்தத்தோடு வருகிற அந்தப் பெட்டியிலேயே, குறுக்குவழியை முடக்குவதற்கான இணைப்பு ஒன்று கீழே இருக்கும். அதை விட்டால் கொன்ரோல் பனலில் ஈஸ் ஒஃப் அக்ஸஸ் போய், மவுஸை இலகுவாக்குகிற பக்கத்தில் மவுஸ் கீஸ் அமைப்பைத் திறந்தால், அந்த மூன்று விசைகளின் பெயரோடு ஒரு கட்டம் தெரியும். அதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, கீழே ஓகே கொடுத்து வெளியே வாருங்கள். இதைச் செய்யாமல் எத்தனை தரம் நிறுத்தினாலும் அது வரத்தான் செய்யும்.

கணினி திறக்கும்போது கடவுஎண் கேட்கிற திரையிலேயே எண் விசைகள் வேலை செய்யவில்லை என்று சிலர் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் திரைக்குத் தனி அமைப்பு உண்டு. வலது கீழ்மூலையில் ஒரு மனித உருவம் போன்ற அடையாளம் இருக்கும். அதைத் திறந்து மவுஸ் கீஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு எழுத்துகளுக்கு மேலே வரிசையாக இருக்கிற எண்களைப் பயன்படுத்துங்கள், மவுஸ் கீஸ் அவற்றைத் தொடாது. ஒரே கணினியில் இருவர் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தால், ஒருவர் கணக்கில் நிறுத்தியது மற்றவர் கணக்கில் நிற்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் விசையை ஐந்து தரம் தொடர்ந்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் வரும். வலது ஷிப்ட்டை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வரும், அது வந்தால் விசைப்பலகையே மந்தமாகிவிட்டதுபோல் இருக்கும். இவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: குறுக்குவழியை நிறுத்துவது. மவுஸை ஒரு தரம் அழுத்த இரண்டு தரம் கிளிக் ஆகிறது என்றால் மட்டும் அது செற்றிங் அல்ல, உள்ளே இருக்கிற சின்ன ஆளி தேய்ந்துவிட்டது. அதற்குத்தான் புது மவுஸ்.

இவ்வளவையும் எழுதிவிட்டு 'எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்' என்று முடித்திருப்பேன். எங்களுடைய ஒப்புநோக்குகிற அண்ணர் முடிக்க விடவில்லை.

அவர் வெடிபொருளில் விரல்களை இழந்தவர். இரண்டு கையிலும் மிஞ்சியிருக்கிற விரல்களால் பேனையைப் பிடிப்பார், அச்சுப்படியில் திருத்தம் போடுவார். மவுஸ்தான் அவருக்குச் சரிவராது. உள்ளங்கையால் அணைத்துப் பிடித்து நகர்த்தினால் விரலால் கிளிக் பண்ண முடியாது; கிளிக் பண்ணப் போனால் அம்புக்குறி இடம் மாறிவிடும். அதனால் எல்லாவற்றையும் தாளில் எடுத்துத் தரச் சொல்வார், திருத்தத்தைத் தங்கச்சி திரையில் போடுவார். அன்று தங்கச்சி மவுஸ் கீஸை ஏசிக்கொண்டு நிறுத்தப் போனபோது அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. அதை நிப்பாட்டாதை. எனக்கு ஒருக்காக் காட்டு."

கதிரையில் இருந்து 6ஐ அழுத்தினார். அம்புக்குறி வலப்பக்கம் நகர்ந்து போனது. பிழையான சொல்லின் தொடக்கத்துக்குப் போய் 0, பிறகு 6ஐ அழுத்திப் பிடித்தார், சொல் நீலமானது, புள்ளி விசையை அழுத்தி விட்டார். மவுஸில் அவருக்கு நெடுங்காலமாகக் கைகூடாத காரியம். இப்போது அவர் திரையிலேயே ஒப்புநோக்குகிறார். முன்னைவிட வேகம் குறைவு என்று அவரே சொல்வார்; ஆனால் தான் கண்ட திருத்தத்தைத் தானே போட்டு முடிப்பதில் உள்ள திருப்தி அவர் முகத்தில் தெரிகிறது. எண்களால் அம்புக்குறி மிக மெல்ல நகர்ந்ததால் அதே அமைப்புப் பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் கொடுத்தோம்.

மவுஸ் என்ற கருவி பிறந்ததே இரண்டு கை இருக்கிறவரை நினைத்துத்தான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவருக்கு அந்த எண்ணம் பிறந்தது. பில் இங்கிலிஷ் என்ற பொறியியலாளர் 1964இல் மரத்தில் ஒரு சின்னப் பெட்டியாகச் செய்துகொடுத்தார். 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை உலகுக்குக் காட்டினார். அந்தச் செயல்விளக்கத்தில் வலது கையில் மவுஸ் இருந்தது, இடது கைக்கு ஐந்து விசைகள் கொண்ட இன்னொரு கருவி இருந்தது. 1970இல் மவுஸுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. மவுஸைப் பிடிக்க முடியாதவருக்கு என்ன வழி என்ற கேள்விக்கு விடை வர மேலும் பல ஆண்டுகள் சென்றன. விஸ்கொன்சின் - மடிசன் பல்கலைக்கழகத்தில் ட்ரேஸ் நிலையம் என்ற ஒன்றைக் கிரெக் வாண்டர்ஹைடன் நடத்திவந்தார். பேச்சிலும் அசைவிலும் குறைபாடு உள்ளவர்கள் கருவிகளைப் பயன்படுத்த வழி தேடிய இடம் அது. ஸ்டிக்கி கீஸ், மவுஸ் கீஸ் போன்றவை அங்கே 1980களில் உருவெடுத்தவை. அந்தப் பத்தாண்டு முடிவதற்கு முன்னரே மக்கின்டோஷ் கணினிகளில் அவை இடம்பிடித்தன. வின்டோஸ் 95 முதல் வின்டோஸிலேயே சேர்ந்து வருகின்றன. ஆகவே உங்கள் வீட்டுக் கணினியிலும் பாடசாலைக் கணினியிலும் பிரதேச செயலகக் கணினியிலும் அது இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, இணையத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை.

நான் முன்னர் சொன்ன இரண்டாவது காரணம் இதுதான். வன்னியில் கையோ விரலோ இழந்தவர் இல்லாத ஊர் இருக்கிறதா? இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017இல். அதற்கு முன்னும் பின்னும் மண்ணைச் சல்லடை போட்டு வெடிபொருட்களை அகற்றுகிற வேலை எங்கள் கண் முன்னாலேயே நடந்தது. மண்ணுக்குச் செய்ததைப் பார்த்தோம். காயப்பட்ட கைகளுக்கு என்ன செய்தோம் என்று கேட்டால், செயற்கைக் கால், சக்கர நாற்காலி, கோழி வளர்ப்புக்கு உதவி என்று பட்டியல் வரும். எல்லாம் வேண்டியவைதான், செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கணக்கு எழுதத் தெரிந்த, கதை எழுதத் தெரிந்த, உயர்தரம் படித்த ஒருவரைக் கணினிக்கு முன்னால் இருத்தி, 'உங்கள் கைக்கு ஏற்றமாதிரி இதை இப்படி மாற்றலாம்' என்று காட்டிய ஒருவரை நான் இங்கே அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. கணினியை வாங்கி வைத்தவர்கள் அதற்குள் ஏற்கெனவே இருக்கிற வசதியைத் திறந்து காட்டுவதற்குச் சட்டமும் சமவாயமும் வந்து தள்ள வேண்டியதில்லை. ஒரு பாடவேளை போதும்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். வேர்டும் எக்செலும் படிப்பிக்கிறீர்கள். அதோடு ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் மவுஸைத் தொடாமல் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். வின்டோஸ் விசையையும் யூ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அக்ஸசிபிலிற்றிப் பகுதி திறக்கும். அங்கே என்ன இருக்கிறது என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிப்பார்கள். அவர்களுடைய வீட்டில் ஒரு மாமா, ஒரு பெரியம்மா இருப்பார். பிள்ளை போய்க் காட்டும்.

குறுக்குவழியை நிறுத்தச் சொன்னதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். அது தட்டச்சு செய்கிறவரின் சொந்தக் கணக்குக்கு மட்டும். வாசிகசாலை, பாடசாலைக் கணினி அறை, பலரும் வந்துபோகிற கடை, இங்கெல்லாம் தயவுசெய்து அதை நிறுத்தாதீர்கள். மவுஸைப் பிடிக்க முடியாத ஒருவர் மவுஸால் செற்றிங்ஸ் தேடிப் போக முடியாது. விசைகளில் இருக்கிற வழியாகத்தான் அவர் உள்ளே வர வேண்டும். தொல்லை என்று நாம் அதை மூடினால், அவர் வந்திருந்து எழும்பிப் போய்விடுவார். எதற்காகப் போனார் என்றுகூட நமக்குத் தெரியாது.

எங்கள் அலுவலகத்தில் இருப்பது ஒரு கணினிதான். தங்கச்சிக்கு எண் வேண்டும், அண்ணருக்கு அம்புக்குறி வேண்டும். இருவருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தோம். தங்கச்சியின் கணக்கில் குறுக்குவழி இல்லை. அண்ணரின் கணக்கில் மவுஸ் கீஸ் எப்போதும் இயங்குகிறது. ஆனால் அந்த அமைப்புப் பக்கத்தில் இன்னொரு தெரிவு இருக்கிறது: நம் லொக் எரியும்போது மவுஸ் கீஸ் வேலை செய்ய வேண்டுமா, அணைந்திருக்கும்போதா என்று. வழக்கமாக எரியும்போது என்று இருக்கும். அதை அணைந்திருக்கும்போது என்று மாற்றிவிட்டோம். இப்போது அண்ணர் நம் லொக்கை ஒரு தரம் தட்டினால் எண் விழும், மறுபடி தட்டினால் அம்புக்குறி ஓடும். ஒரே விசைகள் இரண்டு வேலைக்கும். தனிக் கணக்கு வைக்க வசதிப்படாத இடங்களில் இந்த ஒரு மாற்றமே இருவரையும் சமாளிக்கும். எண் விசைகள் இல்லாத மடிக்கணினி என்றால் எண் விசைகள் கொண்ட தனி விசைப்பலகை ஒன்றைச் செருகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அண்ணருக்கு இன்னும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. யூனிகோட்டில் மெய்யெழுத்து, உயிர்மெய், கொம்பு என்று தட்டுவதற்கு அவருக்கு விசைகள் அதிகம். ஷிப்ட்டோடு சேர்த்து அழுத்துகிற எழுத்துகளுக்கு ஸ்டிக்கி கீஸ் கைகொடுக்கிறது, ஆனாலும் ஒரு பந்தி முடிக்க நேரம் எடுக்கிறது. குறைந்த விரல்களால் தமிழ் தட்டச்சு செய்கிற வாசகர்கள், கால் விரலாலோ வாயில் பிடித்த குச்சியாலோ தட்டுகிறவர்கள், குரலால் எழுத்தாக்குகிறவர்கள் யாராவது இருந்தால், எந்த விசைப்பலகை அமைப்பு உங்களுக்குத் தோதாக இருக்கிறது, எப்படிப் பழகினீர்கள் என்று எழுதுங்கள். மல்லாவிக்கு வருகிற வழியில் எங்கள் அலுவலகத்தை எட்டிப் பார்த்துச் சொன்னாலும் சரி. அடுத்த இதழில் அதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடிதம் கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, தங்கச்சி தட்டச்சு செய்வார், அண்ணர் ஒப்புநோக்குவார்.

அன்புடன்,
ஆசிரியர்